குசினி மணிக்கூடு எத்தினை நிமிசம் முந்தி?

ஸ்காபரோ
07.12.2025

அன்புள்ள அக்கா,

"நான் நலம், உங்கள் நலமறிய ஆவல்" எண்டு தொடங்கத்தான் கை போகுது. அப்பா இருந்திருந்தால் "முதல் வரியிலயே பொய்யோ தம்பி?" எண்டு கேட்டிருப்பார். ஆனபடியால் நேரா விசயத்துக்கு வாறன்.

திவசத்துக்கு அடிக்கப் போற நினைவு மலருக்கு ரெண்டு பக்கம் எழுதித் தா எண்டு நீங்கள் கேட்டு ஒரு மாசமாகுது. மூண்டு தரம் தொடங்கினன். "அன்னார் சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்டு" எண்ட வரைக்கும் வடிவாப் போகுது. அடுத்தது "அன்பும் பண்பும் அடக்கமும் ஒருங்கே அமையப்பெற்ற" எண்டு வந்து நிண்டுது. பேனையை வைச்சிட்டன். அடக்கமோ? எங்கட அப்பாவோ? கனத்தைச் சுடலையில பெட்டிக்குள்ள கிடக்கேக்கதான் அந்த மனுசன் முதல்முதலா அடக்கமா இருந்தவர்.

அதால மலருக்கு எழுதேல்லை, உங்களுக்கு எழுதுறன். இதில தேவையானதை வெட்டி எடுங்கோ. மிச்சத்தை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. அம்மாவின்ர முழங்கால் எப்பிடி? அந்த எண்ணெயை நான் அனுப்பினது பூசத்தான், அலுமாரியில வைச்சுக் கும்பிட இல்லையெண்டு சொல்லுங்கோ.

நான் இப்பவும் பாண் ஃபக்டரியிலதான். இரவு 11 மணியிலிருந்து விடிய 7 மணி வரைக்கும். பெல்ட்டில பாண் வந்துகொண்டே இருக்கும், நசிஞ்சதையும் பை கிழிஞ்சதையும் பொறுக்கி எறியிறது என்ர வேலை. முதல் சம்பளம் எடுத்த அண்டு அப்பாவுக்குப் பெருமையாச் சொன்னன். "ரெண்டு பிளேன் மாறிப் போய்ப் பாண் பொறுக்கிறியோ? எங்கட சந்திப் பேக்கரிக்காரன் ஆள் தேடித் திரிஞ்சவனே" எண்டார். பேந்து குரலைத் தாழ்த்தி, "வேலை முடிய ஒரு சூடான பாண் கையில தருவாங்களோ?" எண்டு கேட்டார். இல்லை எண்டன். "அப்ப அது நல்ல வேலையில்லை" எண்டு முடிச்சிட்டார்.

முந்தி ரெயினில போன இடத்துக்கு இப்ப பஸ்தான். ஸ்காபரோவுக்கு ஓடின அந்தக் குட்டி ரெயின் 1985இல தொடங்கினது. 2023 யூலையில ஒரு நாள் கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கிச்சுது, அதோட லைனையே மூடிட்டினம். அப்பா இதைக் கேட்டு நம்பேல்லை. "எங்கட ரெயின் பெட்டியில ஆக்கள் வாசல்ல தொங்க, பக்கத்தில கடல் அடிக்க, வெள்ளைக்காரன் இருந்த நாளில இருந்து ஓடுது. உங்கட நாட்டில ஒருக்கா இறங்கினதுக்கே வெக்கப்பட்டு நிப்பாட்டிட்டாங்களோ!"

இப்ப குளிர் தொடங்கிட்டுது. பின்னேரம் நாலே முக்காலுக்கு இருட்டு. நான் எழும்புறது பின்னேரம் மூண்டுக்கு, ஆனபடியால் என்ர பகல் ஒண்டே முக்கால் மணித்தியாலம்தான். அதிலயும் பாதி, வாசல்ல பனியைச் சவளால அள்ளி எறியிறதில போயிடும். மகன் போன வருசம் பனியில மனுசன் செய்து, கரட்டை மூக்கா வைச்சுப் படம் எடுத்து அனுப்பினவன், நினைவிருக்கோ? அப்பா உடன கேட்டது, "அந்தக் கரட்டை அண்டைக்கே கறிக்குப் போட்டியளோ?"

போன மாசம் 2ஆந் திகதி இஞ்ச எல்லாரும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினம். பங்குனியில திருப்பி முன்னுக்கு. கோடையில உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், மாரியில பத்தரை. "வருசத்தில ரெண்டு தரம் ஊர் முழுக்க மணிக்கூடு திருப்புற நாட்டை விட்டிட்டு, மணிக்கூடு திருத்துற நான் புறக்கோட்டையில கிடந்திட்டன். அங்க வந்திருந்தால் கோடீஸ்வரன்" எண்டு ஒவ்வொரு முறையும் சொல்லுவார். இந்த முறை சொல்ல ஆளில்லை. அடுப்பில இருக்கிற மணிக்கூட்டை நான் இன்னும் திருப்பேல்லை, சோம்பல்தான், வேற ஒண்டுமில்லை.

இந்த நேர வித்தியாசத்தை வைச்சு அவர் பிள்ளையளை விளையாட்டுக் காட்டினது உங்களுக்கு முழுக்கத் தெரியாது. இஞ்ச சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் எடுப்பம், அங்க ஞாயிறு காலமை ஏழரை. "பேரா, நான் இப்ப நாளைக்குள்ள இருக்கிறன். நாளைக்கு என்ன நடக்கும் எண்டு கேள்" எண்டு தொடங்குவார். மகன் வாயைப் பிளந்துகொண்டு கேப்பான். "நாளைக்கு இடியப்பமும் சொதியும். மழை இல்லை. அப்பம்மா ஏழு மணிக்கே என்னைப் பேசிப்போட்டா, ஆனபடியால் நாளையான் பேச்சு முடிஞ்சுது." பெடியன் ஆறு வயசு வரைக்கும் அப்பப்பா சாத்திரகாரன் எண்டுதான் நம்பினவன்.

இன்னொண்டு. மகள் கீபோட் பழகுறாள் தெரியும்தானே. ரீச்சர் பேத்தோவன்ர சின்னத் துண்டொண்டைப் பழக்கியிருக்கிறா. அப்பா ஃபோனில இருக்கேக்க அவள் அதை வாசிச்சுக் காட்டினாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இஞ்சருங்கோ, பாண்காரன் கனடாவுக்கும் போயிட்டான்!" எண்டு அம்மாவைக் கூப்பிட்டார். ஓட்டோவில சூன் பாண் கொண்டு வாறவன் போடுற பாட்டுத்தானே அது! இப்ப அவள் அதை வாசிக்கத் தொடங்கினால் எனக்கு மாலு பாண் மணக்குது. ரீச்சர் என்ன நினைப்பாவோ தெரியாது.

அப்பாவின்ர தொழிலைப் பற்றி மலரில "மணிக்கூடு திருத்துநர்" எண்டு ஒரு சொல்லோட விட்டுடாதேங்கோ. புறக்கோட்டைக் கான் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில, நடைபாதையில பாதியும் கடைக்குள்ள பாதியுமா நிண்ட அந்தக் கண்ணாடிப் பெட்டியை எழுதுங்கோ. பதினாறு வயசில யாழ்தேவியில வந்து இறங்கி, கடைக்கார நானாவுக்குக் கீழ ரெண்டு வருசம் மேசை துடைச்சதை எழுதுங்கோ. வலது கண்ணில லென்ஸைச் செருகிச் செருகி, கழட்டின பிறகும் கண்ணைச் சுத்தி வளையம் ஒண்டு இருக்கும். சாமணத்தால பலன்ஸ் சில்லைத் தூக்கி வைக்கேக்க மூச்சை அடக்குவார், எங்களையும் அடக்கச் சொல்லுவார். மயிர் மாதிரிச் ஸ்பிரிங் ஒருக்கா நடுங்கும். பிறகு டிக் டிக் எண்டு தொடங்கினதும் மருத்துவிச்சி மாதிரிக் கத்துவார்: "அழுதிட்டான்!" தெருவில போற சனம் திரும்பிப் பாக்கும். என்ர மகன் பிறந்த அண்டு ஆஸ்பத்திரியில இருந்து கோல் எடுத்தன். ஆணோ பெண்ணோ எண்டு அவர் கேக்கேல்லை. "அழுதிட்டானோ?" எண்டுதான் கேட்டவர்.

நல்ல சாவி மணிக்கூடு செக்கனுக்கு அஞ்சு தரம் அடிக்கும், மணித்தியாலத்துக்கு 18,000. பற்றறியில ஓடுற குவார்ட்ஸ் உள்ளுக்க செக்கனுக்கு 32,768 தரம் துடிக்குதாம், வெளியில சத்தம் பெரிசா இல்லை. "அவ்வளவு துடிச்சும் சத்தம் போடாததை நம்பாதை" எண்டுவார். ஆனா குவார்ட்ஸ் வந்து தொழில் விழுந்தாப்போல பற்றறி மாத்தித்தான் எங்களைப் படிப்பிச்சவர். பற்றறி மாத்துறதுக்கும் அதே மாதிரி மூச்சை அடக்குவார். "காசு தாறவனுக்கு ஒரு படம் காட்ட வேணாமோ?"

கான் கோபுரத்துக் கதையைக் கட்டாயம் போடுங்கோ. பம்பாய்ப் பார்சிக் குடும்பத்து மகன்மார் தங்கட தகப்பன்ர நினைவாக் கட்டினது. அவர் செத்து 45ஆம் வருச நினைவு நாளில, 1923 தை 4ஆந் திகதி, ஊருக்குக் குடுத்ததெண்டு கல்லில வெட்டியிருக்கு. அதைக் காட்டி அப்பா எனக்குச் சொன்னது: "நாப்பத்தைஞ்சு வருசம் யோசிச்சுத்தான் செய்திருக்கினம். நீங்களும் அவசரப்படாதேங்கோ." எங்களுக்கு இன்னும் 44 வருசம் கிடக்கு அக்கா. அச்சுக்காரனுக்குச் சொல்லுங்கோ.

1996இல மின்சாரத் தட்டுப்பாடெண்டு அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது, பேந்து ஒக்ரோபரில அரை மணித்தியாலம் பின்னுக்கு விட்டது, கடைசியா 2006 சித்திரையோட பழைய நேரத்துக்கே வந்தது, எல்லாம் நினைவிருக்கும். பத்து வருசம் கொழும்பில "பழைய நேரமோ, புது நேரமோ?" எண்டு கேட்டுத்தான் கலியாண வீட்டுக்கே போனம். "அரசாங்கமே மணிக்கூடு திருத்த வெளிக்கிட்டுட்டுது, எனக்கென்ன வேலை" எண்டு அப்பா லென்ஸைக் கழட்டி வைச்சிட்டு ஒரு பிளேன்ரீ குடிச்சார்.

ஆனா எங்கட வீட்டில மூண்டாவது நேரமும் ஒண்டு ஓடினது, குசினி மணிக்கூடு. அம்மா எண்டைக்கும் பிந்துவா எண்டு அப்பா அதை ஏழு நிமிசம் முந்தி வைச்சிருந்தவர். நாங்கள் அதைக் கண்டுபிடிச்சு மனசுக்குள்ள ஏழைக் கழிக்கப் பழகினம். அப்பா பாத்தார். ஒருத்தருக்கும் சொல்லாமல் ஒரு கிழமை நாலாக்கினார், அடுத்த கிழமை பதினொண்டு. பள்ளிக்கூட பஸ்ஸை நான் விட்ட நாளும் உண்டு, அரை மணித்தியாலம் முந்திப் போய்ச் சந்தியில காஞ்ச நாளும் உண்டு. ஊருக்கெல்லாம் நேரம் திருத்துறவரின்ர வீட்டில நேரம் கேட்டால் வதந்திதான் கிடைக்கும்.

83 கலவரத்தை நான் எழுத வேணுமோ எண்டு யோசிச்சன். எனக்கு அப்ப அஞ்சு வயசு, உங்களுக்கு ஒன்பது, நீங்கள் கூடக் கண்டிருப்பியள். எனக்குத் தெரிஞ்சது அப்பா சொன்ன மாதிரித்தான், அவர் அதையும் பகிடியாத்தான் சொன்னவர். யூலை 23 சனிக்கிழமை, ஞாயிறு வீட்டில இருந்து செய்வம் எண்டு பதினேழு கைமணிக்கூட்டை மலிபன் பிஸ்கட் தகரத்துக்குள்ள போட்டு வீட்டை கொண்டு வந்தவர். திங்கள் கடை இல்லை. மேல்வீட்டு சிங்கள அன்ரி ரெண்டு நாள் எங்களை அறைக்குள்ள வைச்சிருந்தவ, பிறகு பம்பலப்பிட்டியில பள்ளிக்கூட முகாம். அம்மா நகைப் பையைத் தேடுறா, அப்பாவின்ர கையில தகரம். முகாமில ஒரு கிழவர் நிமிசத்துக்கு ஒருக்கா நேரம் கேப்பாராம். அப்பா தகரத்தைத் திறந்து, "ஐயாவுக்கு எந்த நேரம் வேணும்? பத்தேகாலும் இருக்கு, பன்னிரண்டரையும் இருக்கு. பன்னிரண்டரையை எடுங்கோ, சோறு வரும்" எண்டாராம். அந்த வரிசையில நிண்டு சிரிச்சதெண்டு அம்மா இப்பவும் ஒருமாதிரி வெக்கத்தோட சொல்லுவா.

லங்கா கல்யாணி கப்பலில காங்கேசன்துறைக்குப் போகேக்கயும் தகரம் மடியில. 84 மாசியில தனியத் திரும்பி வந்தார். கணக்குக் கொப்பி எரிஞ்சு போச்சு, ஆக்களின்ர பேர் தெரியாது, மணிக்கூட்டைப் பாத்தால் முகம் தெரியும். கடை இருந்த இடத்தில ஒரு ஸ்டூலைப் போட்டு, தகரத்தை மடியில வைச்சுக்கொண்டு இருந்தவர். ஒவ்வொருத்தரா வந்தினம். "ஒரலோசு பாஸ்!" எண்டு கூப்பிட்டுக்கொண்டு வந்த ஒரு சிங்கள மனுசன் தன்ர மணிக்கூட்டை வாங்கிக் காதில வைச்சுப் பாத்திட்டு, நடைபாதையிலயே குந்தியிருந்து அழுதவராம். "திருத்தின காசு கேக்க மறந்திட்டன், அதுதான் எனக்குக் கவலை" எண்டுவார் அப்பா. கடை எரிஞ்சதைப் பற்றி நான் கேக்க அவர் கதைச்சதில்லை. இந்தச் சிரிப்புக்குக் கீழ என்ன கிடந்தது எண்டு நான் கேட்டிருக்கலாம். கேக்கேல்லை.

பதினாலு பேர் வந்தினம். மூண்டு பேர் வரேல்லை. அந்த மூண்டும் அலுமாரி லாச்சிக்குள்ள கிடக்கு, ஒவ்வொரு ஞாயிறும் சாவி குடுப்பார். ஏனப்பா எண்டால், "ஆக்கள் வந்து கேட்டால் ஓடாத மணிக்கூட்டையோ குடுக்கிறது?" 41 வருசம்.

பேரப்பிள்ளையளோட அவர் அடிச்ச கூத்துக்கு உங்களிட்டத்தான் கதை கூட. எனக்குப் பிடிச்சது பஸ்ஸில நடந்தது. மருமகன் சின்னதில அவரைத் "தாத்தா" எண்டவன். 101ஆம் நம்பர் பஸ்ஸில பின்னுக்கிருந்து "தாத்தா!" எண்டு கத்த, சிங்களத்தில அது அப்பா எண்டபடியால் நாலைஞ்சு ஆம்பிளையள் திரும்பிப் பாத்திருக்கினம். அப்பா எழும்பி நிண்டு, "பயப்படாதேங்கோ, இவன் என்ர கணக்கு" எண்டு சிங்களத்தில சொன்னவராம். பக்கத்து வீட்டுப் பிள்ளையளுக்கு சீயா, மருமகனுக்குத் தாத்தா, என்ர பிள்ளையளுக்கு அப்பப்பா. எதுக்கும் ஓம் எண்டு வருவார்.

இனி முக்கியமான விசயம். படம்.

மரண அறிவித்தலில போட்ட அந்தப் படத்தை மலரில போடாதேங்கோ. அது 2017இல நான் விசாவுக்கு ஸ்பொன்சர் பண்ணேக்க எடுத்தது. நான் ஃபோனில நிண்டனான், எல்லாம் கேட்டது. ஸ்ரூடியோப் பெடியன், "ஐயா, சிரிக்காதேங்கோ, பல்லுத் தெரியக் கூடாது" எண்டான். "எனக்குப் பல்லே இல்லையே" எண்டு அப்பா சிரிச்சார். முதல் படம் போச்சு. ரெண்டாவதுக்கு வாயை இறுக்கினார், கன்னம் ஊதிச்சுது, பெடியன் சிரிச்சிட்டான். மூண்டாவதுக்குப் பெடியன் கேட்டான், "ஐயா, கவலையான ஒண்டை நினையுங்கோ." கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. கிளிக். என்னத்தை நினைச்சியள் எண்டு நான் பிறகு கேட்டன். "உன்ர பாண் ஃபக்டரியை" எண்டார்.

விசாவும் கிடைக்கேல்லை. "என்ர மூஞ்சையைப் பாத்துப் பயந்திட்டாங்கள், சிரிச்ச படத்தை அனுப்பியிருந்தால் ரிக்கெற்றும் சேத்துத் தந்திருப்பாங்கள்" எண்டு எங்களைத்தான் ஆறுதல் படுத்தினார். எண்பது வருசத்தில அவர் சிரிக்காத ஒரு செக்கன் அது. அதைத்தான் நாங்கள் பெருப்பிச்சு மாலை போட்டு வைச்சிருக்கிறம். காலிமுகத்திடலில இஸ்ஸோ வடையோட நிண்டு எடுத்தது ஒண்டு இருக்குதெல்லே, இறால் வால் உதட்டில ஒட்டிக்கொண்டிருக்க, காத்து வேட்டியை அடிக்க? அதைப் போடுங்கோ. ஆக்கள் என்னவும் சொல்லட்டும்.

அப்பா போன செய்தி சொல்ல நீங்கள் எனக்குக் கோல் எடுத்தது உங்கட புதன் விடிய. இஞ்ச இன்னும் செவ்வாய் இரவு ஏழரை, நான் வேலைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு நிண்டன். பாஸ்போட்டைப் புதுப்பிக்கக் குடுத்திருந்தது, வர வழியில்லை. வெள்ளி பின்னேரம் நாலு மணிக்குப் பெட்டியை எடுத்தியள், எனக்கு வெள்ளி விடிய அஞ்சரை. ஃப்ரீசர் ரூமுக்குப் பக்கத்து ஒழுங்கையில நிண்டு ஃபோனில பாத்தன். மருமகன் பாவம், அவன்ர பெருவிரல் பாதிப் படத்தை மறைச்சுது, இடைக்கிடை காத்தாடிதான் தெரிஞ்சது. நான் அழேல்லை அக்கா. பொறுப்பாளர் பிலிப்பைன்ஸ் மனுசி ஒருத்தி, வந்து பாத்திட்டு ஒண்டும் கேக்காமல் பெல்ட்டில இருந்து அப்பத்தான் வந்த பாண் ஒண்டை எடுத்து என்ர கையில தந்தா. சுட்டுது. நான் வேலை செய்யிற பதின்மூண்டு வருசத்தில முதல் தரம் அண்டைக்குத்தான் கிடைச்சது. உடன அப்பாவுக்குச் சொல்ல வேணும் எண்டு ஃபோனில நம்பரைத் தேடினன். பிறகுதான் அழுதது.

வந்த புதுசில அவர் கட்டுநாயக்காவில கையில கட்டிவிட்ட செய்கோ 5ஐ நான் கொழும்பு நேரத்திலயே வைச்சிருந்தனான். ஒருநாள் வாய் தவறிச் சொல்லிட்டன். "விசரே உனக்கு? மணிக்கூடு நீ நிக்கிற இடத்து நேரத்தைக் காட்ட வேணும். கொழும்பு நேரம் வேணுமெண்டால் எனக்குக் கோல் எடு" எண்டு பேசினார். அண்டைக்கே திருப்பினன். இப்பவும் ரொறன்ரோ நேரத்திலதான் ஓடுது, நாளைக்கு ரெண்டு நிமிசம் பிந்தும். இஞ்ச திருத்தக் குடுக்க மனமில்லை.

பங்குனியில லீவு கேட்டிருக்கிறன். பிள்ளையளோட வாறன். அதுக்கிடையில ஞாயிற்றுக்கிழமையில லாச்சியில இருக்கிற மூண்டுக்கும் ஆர் சாவி குடுக்கிறியள்? ஒருத்தரும் இல்லையெண்டால் மருமகனுக்குக் காட்டிக் குடுங்கோ, இறுக்கித் திருப்ப வேண்டாம், இடறும் மட்டும் திருப்பினால் காணும்.

மற்றது, அவன் குசினி மணிக்கூட்டை ஃபோனைப் பாத்துச் சரியாக்கிப் போட்டான் எண்டு அம்மா போன கிழமை சொன்னா. ஒரு ஏழெட்டு நிமிசம் தள்ளி விடச் சொல்லுங்கோ. எத்தினை எண்டு அவன் அம்மாவுக்கும் சொல்ல வேண்டாம், உங்களுக்கும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி